கேள்விக்குறிக்கு இடமில்லாத விசைப்பலகை

ரிட்டையர் ஆகும்வரை மஹாதேவன் டைப் அடித்ததே கிடையாது. பொதுத்துறை வங்கியொன்றின் ஜோனல் ஆபீஸில் டெபுடி ஜெனரல் மேனேஜராக இருந்து இறங்கியவர். சர்வீஸ் முழுக்க அவர் சொன்னார், யாரோ அடித்தார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, கமாவையும் முற்றுப்புள்ளியையும்கூட வாய்விட்டே சொல்வார். அப்படிப்பட்டவர்தான் உலகத் தமிழர்களின் விரல்வலியைத் தீர்க்கப் புதிய விசைப்பலகை ஒன்றைக் கண்டுபிடித்தார்.

வலி என்னவோ அவருடைய மருமகள் மாதங்கிக்கு.

மாதங்கி கொல்கத்தாவில், டாக்குரியா பேட்டையில் இருந்த அவர்கள் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து வங்காள சீரியல்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறவள். ஒரு சீரியலில் எத்தனை பேர் அழுதாலும் அத்தனை அழுகையையும் இரண்டு வரியில், திரையை விட்டு ஓடுவதற்குள், தமிழாக்க வேண்டும். வேகம்தான் சோறு. நாலைந்து வருஷம் அப்படி ஓடியதில் வலது மணிக்கட்டு முறைத்துக்கொண்டது. சாயங்காலமானால் வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை விட்டுக்கொண்டு உட்காருவாள்.

அவள் அடித்தது தமிழ்99 என்கிற எல்லோருக்கும் தெரிந்த அமைப்பு. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெல்லாம் பெரும்பாலும் வலது கைக்கு. அதில் ச என்ற எழுத்து வலது கோடியில், சுண்டுவிரல் எட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் இருக்கும். சாதாரணமாக எழுதுகிறவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. சீரியல்காரிக்கு அப்படியா? சண்டை, சத்தியம், சாபம், சொத்து, சம்பந்தி என்று அந்தக் குடும்பங்கள் ச-விலேயே குடித்தனம் நடத்துகின்றன. தப்பை அழிக்கிற பேக்ஸ்பேஸும் அதே வலது கோடி. ஆக, நாள் பூராவும் அந்தச் சுண்டுவிரல்தான் வேலைக்காரி.

ஒரு சனிக்கிழமை மாதங்கி யாரையும் கேட்காமல் இரண்டே காரியம் செய்தாள். இடது பக்கம் கீழ் மூலையில் வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்த ஔ-வைத் தூக்கி ச இருந்த இடத்தில் போட்டாள். ச-வை ஔ இருந்த மூலைக்குக் கொண்டுவந்தாள். அப்புறம், கேப்ஸ்லாக் என்று இடது சுண்டுவிரல் பக்கத்தில் கொழுத்துக் கிடக்குமே, தமிழில் அதற்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது, அதை பேக்ஸ்பேஸ் ஆக்கினாள். இலவசமாகக் கிடைக்கிற ஒரு சின்ன மென்பொருள், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். பத்து நாளில் வலி பாதியாயிற்று.

இதை வீட்டில் சொல்லாமல் இருந்தாளா என்றால், இல்லை. சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் மாமனார் வெந்நீர்ப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன இது?"

"கீபோர்டால வந்த வலி, மாமா. ஆனா இப்ப நான்..."

"கீபோர்டா!" என்றார் மஹாதேவன். கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. நடக்க ஆரம்பித்தார். அவர் நடக்க ஆரம்பித்தால் அந்த வீட்டில் யாரும் அப்புறம் வாக்கியத்தை முடிப்பதில்லை. "வேரிலேயே கோளாறு. எந்த எழுத்து அதிகம் வருகிறதோ அது நல்ல விரலுக்குப் போக வேண்டும். வராத எழுத்து ஓரத்துக்குப் போக வேண்டும். இதை விஞ்ஞானபூர்வமாக யாராவது எண்ணிப் பார்த்தார்களா?"

"எண்ணியிருப்பா மாமா."

"நான் எண்ணுகிறேன்."

சமையலறையிலிருந்து மனைவி அனந்தலக்ஷ்மியின் குரல் வந்தது. "ஏன்னா, முதல்ல கேஸ் புக் பண்ணினேளான்னு எண்ணிப் பாருங்கோ."

எண்ணுகிற வேலை பிள்ளை அனந்த் தலையில் விழுந்தது. அவன் செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் கொல்கத்தா. வங்காளத்தில் கவிதை படிப்பான். தமிழில் பஸ் போர்டு படிப்பான், அதுவும் பஸ் நின்றால். "எண்றதுக்கு ப்ரோகிராம் அஞ்சு நிமிஷம்ப்பா. ஆனா நெறையா தமிழ் டெக்ஸ்ட் வேணும். எங்கேர்ந்து எடுக்கறது?"

மஹாதேவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் தென்கொல்கத்தா தமிழர் பேரவையின் தலைவர். பேரவை வருஷா வருஷம் ஆண்டு மலர் போடும். பழைய மலர்களெல்லாம் பிடிஎஃப் ஆகப் பத்திரமாக இருந்தன. "நம் மலர்களைவிட நல்ல தமிழ் எங்கே இருக்கிறது?" என்றார்.

ஆண்டு மலர் என்றால் தெரிந்திருக்கும். முதல் பக்கம் தலைவர் வாழ்த்துரை. அடுத்தது செயலாளர் வரவேற்புரை. பிறகு பொருளாளரின் நன்றியுரை, ஆலோசகர் ஆசியுரை, முன்னாள் தலைவர் நெகிழ்ச்சியுரை. நடுவில் நகைக்கடை விளம்பரம், அதிலும் வாழ்த்து. இதையெல்லாம் அனந்த் தன் ப்ரோகிராமில் கொட்டினான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவன் படிக்கவில்லை. படித்திருந்தால் வருஷக்கணக்காகியிருக்கும்.

முடிவு வந்தது. தமிழிலேயே மிக முக்கியமான எழுத்து ழ என்று தெரியவந்தது. தமிழ், விழா, வாழ்த்து, மகிழ்ச்சி, புகழ், எழுச்சி, நெகிழ்ச்சி, கமழும். ழ-வுக்கு வலது ஆள்காட்டி விரலுக்கு நேர் கீழே சிம்மாசனம் கிடைத்தது. ல-வுக்குப் போதாத காலம். 'இல்லை' என்ற சொல்லை எந்த மலரும் எழுதியதில்லை. 'தலைவர்', 'மலர்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் கைகொடுத்திராவிட்டால் ல பலகையை விட்டே போயிருக்கும். ஆச்சரியக்குறி வரிக்கு வரி வந்திருந்ததால் அதற்கென்று கட்டைவிரலுக்கு ஒரு விசை.

கேள்விக்குறி? அத்தனை வருஷத்து மலர்களிலும் ஒரே ஒரு கேள்விக்குறிதான் இருந்தது. அதுவும் அச்சுப்பிழை.

"வராத குறிக்கு இடம் எதற்கு?" என்று மஹாதேவன் ஒரு கேள்வியே கேட்டு அதை ஒதுக்கிவிட்டார். கன்ட்ரோல், ஷிஃப்ட், அதோடு மேல்வரிசையில் கோடியில் ஏதோ ஒரு விசை, மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கேள்விக்குறி வரும் என்று அனந்த் எங்கேயோ ஒளித்துவைத்தான்.

அமைப்புக்கு 'மகா விசை' என்று பெயரிட்டார். மஹாதேவனுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் உண்டா என்று பேரவைச் செயலாளர் வேலாயுதம் கேட்டபோது, "தற்செயல்" என்றார். கரியாஹாட்டில் ஒரு கடையில் எழுத்துகளை ஸ்டிக்கராக அடித்து வாங்கிவந்து, மாதங்கி காய் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவளுடைய லேப்டாப்பில் ஒவ்வொன்றாக ஒட்டினார். கோணலில்லாமல் ஒட்டினார், வங்கிக்காரர். கேள்விக்குறிக்கு மட்டும் ஸ்டிக்கர் தாளில் இடம் போதவில்லை.

மாதங்கி வந்து பார்த்தாள். "மாமா, என் ச எங்கே?"

"ச-வுக்குப் புதிய இடம். பழகு. மூன்று வாரம்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணாடியைத் துடைத்தான். "நான் உன்னோட பழைய செட்டிங்கை அழிக்கலை. பின்னாடி அப்படியே இருக்கு."

அதுவே போதும் என்று மாதங்கி அன்றைக்கே ஒரு மாற்று வழி செய்துகொண்டாள். இடைவெளி விசைக்கு வலது பக்கம் ஆல்ட் என்று ஒன்று இருக்கும். அதைக் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் அவளுடைய பழைய அமைப்பு; இன்னொரு தட்டு தட்டினால் மகா விசை. மாமனார் அறைக்குள் வந்தால் ஒரு தட்டு. போனால் ஒரு தட்டு. ஸ்டிக்கரை அவள் பார்ப்பதேயில்லை. விரலுக்குக் கண் கிடையாது.

ஆனால் தினமும் காபிக்குப் பிறகு அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார். பயிற்சி என்றால் பழைய மலர்களை அவர் வாசிப்பார், இவள் அடிப்பாள். 'பொன்னாடை போர்த்தி', 'பெருமகிழ்ச்சி அடைகிறோம்', 'மாண்புமிகு', 'கடல் கடந்தும் கமழும்'. இவள் விரல்கள் அந்த வார்த்தைகளை எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டன. சொல்லப்போனால் சுகமாகவே இருந்தது, பேரவை நாற்காலியில் சாய்ந்த மாதிரி. ஆனால் சீரியலுக்குத் திரும்பி 'எங்கடி போனே? யாரைக் கேட்டுப் போனே? அவன் யாரு?' என்று வந்தால், மூன்று விசையைச் சேர்த்து அழுத்த மணிக்கட்டு ஒரு திருகு திருகிக்கொள்ளும். சீரியலில் கேள்வி கேட்காமல் எவள் வாயைத் திறக்கிறாள்?

இதற்குள் ஜாதவ்பூரில் இருக்கிற ஒரு ஸ்டூடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். பெரிய சீரியல், தமிழுக்குப் போகிறது, இரண்டு வருஷ வேலை. ஆனால் ஒரு தேர்வு உண்டு. காட்சியை ஒரே முறை ஓடவிடுவார்கள். ஓடும்போதே அடிக்க வேண்டும். சொந்த லேப்டாப்பைக் கொண்டுவரலாம். திங்கட்கிழமை காலை. அது கிடைத்தால் உதிரி எபிசோடுகளுக்காக ஒவ்வொரு கம்பெனியாகப் போன் பண்ணிக் கெஞ்சுகிற வேலை இனி வேண்டாம். மாதங்கிக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இந்த வேலை வேண்டியிருந்தது.

அவள் செய்த தப்பு, அதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னது.

"திங்கட்கிழமையா?" மஹாதேவன் ரசத்தை நிறுத்தினார். "ஞாயிற்றுக்கிழமை பேரவையில் மகா விசை வெளியீடு. திங்கட்கிழமை அதே விசையில் நீ தேர்வு எழுதுகிறாய். இதைவிட நிரூபணம் என்ன வேண்டும்?"

"மாமா, அது சீரியல் வசனம். அதுல..."

"எழுதுகிறாய். மேடையில் அறிவிக்கப்போகிறேன்."

அனந்த் மீன்குழம்பு கிடைக்காத வங்காளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஆரே பாபா, அவளோட எக்ஸாம்ப்பா, உன்னோடது இல்ல" என்றான்.

"விஞ்ஞானம் யாருடையதும் இல்லை" என்றார் அப்பா.

"ரசம் யாருது?" என்றாள் அனந்தலக்ஷ்மி. "ஆறிண்டிருக்கு."

மாதங்கிக்கு ராத்திரியெல்லாம் யோசிக்கத் தேவைப்படவில்லை. மகா விசையில் போனால் தேர்வு போச்சு. போகமாட்டேன் என்றால், மேடையில் அறிவித்த பிறகு, அடுத்த ஆண்டு மலர் வரைக்கும் வீட்டில் பேச்சு இருக்காது. இருந்தால் எல்லாம் கமா, முற்றுப்புள்ளியோடு இருக்கும். ரகசியமாக வலது ஆல்ட்டைத் தட்டிவிட்டுத் தேர்வு எழுதி ஜெயித்தால்? பெயர் மகா விசைக்குப் போகும். அப்புறம் சாகும்வரை அந்தப் பொய்யிலேயே டைப் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேரவைக் கூடத்துக்கு வெளியே துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு வரவேற்புக்கும் சுத்தியல் அடி ஒன்று விழுந்தது. பெஹாலாவிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். போண்டா உண்டு என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது.

தலைமை விருந்தினர் லாஹிரி பாபு. ரிட்டையர்டு மொழியியல் பேராசிரியர். மெட்ராஸில் நாலு வருஷம் குடியிருந்தவர் என்பதால் பேரவைக்கு அவர் தமிழறிஞர். பொன்னாடையைப் போர்த்தியதும் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டிருந்தார்.

மேடையில் மாதங்கி, லேப்டாப், பின்னால் பெரிய திரை. மஹாதேவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டினார்.

"என் மருமகள் நாளை ஒரு தேர்வை இதே மகா விசையில் எழுதி வெற்றிபெறப் போகிறாள் என்பதைப் பெருமகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்." கைதட்டல். "இப்போது செயல்விளக்கம். நான் சொல்ல, அவள் அடிப்பாள். எழுதம்மா. கங்கைக் கரையிலும் தமிழ் மணம் கமழ, விழா எழுச்சியுடன் மலர, அனைவரையும் வாழ்த்தி மகிழ்கிறோம், ஆச்சரியக்குறி!"

மாதங்கியின் விரல்கள் ஓடின. திரையில் எழுத்துகள் ஆலங்கட்டி மழை மாதிரி கொட்டின. அவர் சொல்லி முடிக்கும் முன்பே கட்டைவிரல் ஆச்சரியக்குறியைப் போட்டுவிட்டது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. வேலாயுதம், "ஐயா, கையில சக்கரம் கட்டின மாதிரில்ல இருக்கு!" என்று மைக்கிலேயே சொன்னார்.

லாஹிரி பாபு கையை உயர்த்தி, வங்காளத்தில் ஆரம்பித்தார். "தாருண்! பிரமாதம்! நான் ஒன்று சொல்லலாமா? மெட்ராஸில் கற்றது. தினமும் காலையில் ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து என்னைக் கேட்பார். எனக்கு முழுசாகத் தெரிந்த தமிழ் அதுதான்." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி சொன்னார்: "தண்ணி வந்துச்சா? மோட்டார் போட்டீங்களா? தொட்டி நெறைஞ்சுதா?"

கூடம் சிரித்தது. மெட்ராஸில் இருந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

"எழுதம்மா" என்றார் மஹாதேவன்.

மூன்று வாக்கியம். மூன்றும் கேள்வி. மாதங்கியின் வலது கட்டைவிரல் ஆல்ட் மேல் போய் நின்றது. ஒரு தட்டு. பழைய அமைப்பு வந்துவிடும், மூன்று கேள்வியும் மூன்று மூச்சில் முடிந்துவிடும், மாமனார் மானம் மிஞ்சும், ஆனால் திங்கட்கிழமைத் தேர்வு மகா விசைக்கே போய்விடும். அவள் கட்டைவிரலை எடுத்துக்கொண்டாள். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மாமா, இத்தனை பெரிய வாக்கியத்தை நான் அடிக்கறது நன்னாயிருக்காது. கண்டுபிடிச்சவர் கையால வரட்டும். எல்லாரும் உங்க கையைப் பார்க்கத்தானே வந்திருக்கா?"

கூடம் மறுபடி கைதட்டியது. கைதட்டலுக்கு முன்னால் மஹாதேவன் எப்போதும் பலவீனமானவர். உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றினார். வலது ஆள்காட்டி விரலை உயர்த்தி, கிணற்றில் எட்டிப் பார்க்கிற மாதிரி விசைப்பலகையைப் பார்த்தார். 'த' எங்கேயோ ஒளிந்திருந்தது. கண்டுபிடித்தார். அழுத்தினார். தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். த இருந்தது. திருப்தியோடு 'ண' தேடக் குனிந்தார்.

வெளியே ஒரு மூங்கிலை ஏற்றிக் கட்டி முடித்தார்கள். உள்ளே 'தண்ணி வந்துச்சா' வந்து சேர்ந்தது.

இனி கேள்விக்குறி. மஹாதேவனின் விரல் மேல்வரிசையில் போயிற்று, வந்தது. கீழ்வரிசையில் போயிற்று, வந்தது. தானே ஒட்டிய ஸ்டிக்கர்களை ஒன்றுவிடாமல் விசாரித்தார். எதிலும் கேள்விக்குறி இல்லை. முன்வரிசையிலிருந்து யோசனைகள் வர ஆரம்பித்தன.

"ஷிஃப்ட்டை அமுக்கிப் பாருங்க சார்!"

"ஆல்ட்டு, ஆல்ட்டு!"

"எஸ்கேப் அடிங்க!" என்றது ஒரு பெஹாலாக் குரல். அது யோசனையா கிண்டலா என்று தெரியவில்லை.

மஹாதேவன் தெரிந்த விசை ஒன்றை அழுத்தினார். திரையில் வந்தது: தண்ணி வந்துச்சா! இன்னொரு முறை அழுத்தினார். தண்ணி வந்துச்சா!! பதற்றத்தில் விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஆச்சரியக்குறிகள் வரிசையாகப் புறப்பட்டுத் திரையின் ஓரம்வரை போய், அடுத்த வரிக்கும் இறங்கின.

"சரிதான்" என்றார் லாஹிரி பாபு. "மெட்ராஸில் தண்ணி வந்தால் நாங்கள் இப்படித்தான் கத்துவோம்."

கூடம் வெடித்துச் சிரித்தது. மஹாதேவனின் காதுகள் சிவந்தன. வேலாயுதம் குனிந்து மெதுவாக, ஆனால் மைக்குக்குப் பக்கத்தில், "ஐயா, கேள்விக்குறிய எங்க வச்சீங்க?" என்றார். அது கூடத்தின் கடைசி வரிசை வரை போயிற்று. அனந்த் எழுந்திருக்கப் பார்த்தான். அனந்தலக்ஷ்மி அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மாதங்கி அந்தக் காதுகளைப் பார்த்தாள். மூன்று வாரம் காபி ஆற ஆற பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த மனுஷர். விஷயம் என்னவோ தன்னுடைய மணிக்கட்டில்தான் ஆரம்பித்தது. மைக்கை எடுத்தாள்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். மகா விசையில கேள்விக்கு இடம் வைக்கலை. ஏன்னா அது நம்ம மலர்லேர்ந்து அளந்து பண்ணினது. தலைமையுரை, வரவேற்புரை, வாழ்த்துரை. மேடையில நிக்கறவாளை யார் கேள்வி கேக்கப்போறா? அதனால இது தலைவர்களுக்குன்னே தைச்ச சட்டை மாதிரி. என்னை மாதிரி சீரியல் அழுகை அடிக்கறவா இதுல கைவைக்கறது மரியாதையா இருக்காதுன்னு எனக்குத் தோணறது. மாமாவை நானே கேட்டுக்கறேன், நாளைக்கு எனக்கு விலக்கு குடுங்கோன்னு."

கூடம் ஒரு கணம் யோசித்தது. வேலாயுதத்துக்கு யோசிக்க வேண்டியதில்லை. பல வருஷமாகச் செயலாளராக இருப்பவர், எந்தக் குழியையும் தீர்மானத்தால் மூடத் தெரிந்தவர். "மகா விசையைப் பேரவைத் தலைவரின் தனி உபயோகத்துக்கு மட்டும் ஒதுக்குவது என்று இந்தச் சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது!" என்று முழங்கினார். "ஏகமனதா?" என்று யாரும் கேட்கவில்லை, போண்டா வாசனை வந்துவிட்டிருந்தது. கைதட்டினார்கள்.

மஹாதேவன் மெல்ல எழுந்தார். தலைவர்களுக்கு மட்டும். தனி உபயோகம். அந்த வார்த்தைகள் உள்ளே போய் ஒவ்வொரு அறையாக விளக்கேற்றுவது முகத்தில் தெரிந்தது. காதுகள் பழைய நிறத்துக்கு வந்தன. "சபையின் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்" என்றார், யாரோ அவரை வற்புறுத்திய மாதிரி. "மாதங்கி, உனக்கு விலக்கு."

நாலு பேரும் டாக்சியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். பாலத்தில் ஏறும்போது அனந்தலக்ஷ்மிதான் ஆரம்பித்தாள்.

"ஏன்னா, உங்க போர்டுல இனிமே யாரும் எதுவும் கேக்க முடியாது, இல்லையா?"

"ம்."

"அப்ப காபி வேணுமான்னு நான் வாயாலேயே கேட்டுக்கறேன்."

அனந்த் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

திங்கட்கிழமை. ஜாதவ்பூர் ஸ்டூடியோ ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே இருந்தது. மாடிப்படியெல்லாம் நெய் வாசனை. தேர்வு வைத்தவள் தமயந்தி, கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழ்ப் பெண். மாதங்கியின் லேப்டாப்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைப் பார்த்து, "இது என்ன லேஅவுட், அக்கா?" என்றாள்.

"எங்க மாமனார் லேஅவுட்."

"ஓ" என்றாள் தமயந்தி. அவளுக்கும் மாமனார் உண்டு போலிருக்கிறது, மேலே கேட்கவில்லை. காட்சியை ஓடவிட்டாள்.

மாமியாரும் மருமகளும். 'சாவி எங்கே? என்னைக் கேட்காம ஏன் திறந்தே? சொத்து உங்கப்பன் வீட்டுதா?' மாதங்கிக்குச் சொந்த வீட்டுக்குத் திரும்பிய மாதிரி இருந்தது. ச இடது மூலையில் கைக்கு எட்டும் இடத்தில் காத்திருந்தது. கேள்விக்குறிகள் எல்லோரும் அடிக்கிற இடத்தில், மூன்று விசை கேட்காமல், ஒழுங்காக வந்தன. தப்பை கேப்ஸ்லாக் அழித்தது. மணிக்கட்டு வாயைத் திறக்கவில்லை.

திடீரென்று காட்சி மாறியது. தெருவில் பூஜைப் பந்தல். கிளப் செகரட்டரி மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். இடையில் மூச்சே விடாமல் வங்காளத்தில் ஆரம்பித்தார்: பெருமதிப்புக்குரிய விருந்தினரை வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம் என்றார், புகழ் மணக்கும் நம் பேட்டை என்றார், எழுச்சியோடு, நெகிழ்ச்சியோடு, வாழ்த்தி வணங்கி என்றார். சீரியல்காரிக்கு வராத தமிழ். ழ-வுக்கு மேல் ழ. அவள் பின்தங்க ஆரம்பித்தாள். ஒரு வாக்கியம், ஒன்றரை வாக்கியம்.

வலது கட்டைவிரல் யாரையும் கேட்கவில்லை. தானாகப் போய் ஆல்ட்டைத் தட்டியது.

அவ்வளவுதான். விரல்கள் பேரவை நாற்காலியில் சாய்ந்தன. செகரட்டரி பொன்னாடைக்கான வங்காளச் சொல்லுக்கு வாய் குவிக்கும்போதே பொன்னாடை திரையில் போர்த்தப்பட்டுவிட்டது. கடைசி ஆச்சரியக்குறியைக் கட்டைவிரல் போட்டபோது அவர் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

தமயந்தி நாற்காலியைத் திருப்பினாள். "இந்த ஸ்பீச்சுலதான்க்கா எல்லாரும் விழுவாங்க. அதுக்குன்னே வச்சிருக்கோம். அடுத்த வாரம் வந்துடறீங்களா?"

மாதங்கி கீழே இறங்கி மிட்டாய்க் கடையில் வீட்டுக்கு ஒரு பெட்டி சந்தேஷ் வாங்கிக்கொண்டாள்.

மஹாதேவன் வாசல் அறையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தில் ரொம்ப நேரமாக இருந்தார். "கிடைச்சுதாடி?" என்று அனந்தலக்ஷ்மி உள்ளேயிருந்து கத்தினாள். "கிடைச்சுதும்மா." பேப்பர் அசையவில்லை.

சொல்லலாமா என்று மாதங்கி யோசித்தாள். சொன்னால் ஸ்டிக்கர் மறுபடி வீட்டுக்குள் புறப்படலாம். சொல்லாமல் இருந்தால் சந்தேஷ் இனிக்காது.

"நடுவுல ஒரு பந்தல் திறப்பு உரை வந்தது, மாமா. அதை மட்டும் உங்க விசையிலதான் அடிச்சேன். அது இல்லேன்னா தேறியிருக்க மாட்டேன்."

பேப்பர் இறங்கியது. அவர் எழுந்தார். அனந்தலக்ஷ்மி கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள், நடக்க ஆரம்பித்தால் தடுக்கிற உத்தேசத்தோடு. அவர் நடக்கவில்லை. கைகளும் முதுகுக்குப் பின்னால் போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் தொங்கின. பிறகு மாதங்கிக்கு எதிரே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணு தெரியணும்மா" என்றார். மலர்த் தமிழைக் காணோம். "உனக்கு எங்கே வலிக்கறது?"

மாதங்கி வலது கையை நீட்டி, சுண்டுவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை இடது கையால் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"அப்போ கேள்விக்குறியை எங்கே வைக்கலாம்?"

"எங்கே வேணா வையுங்கோ, மாமா" என்றாள் மாதங்கி, சந்தேஷ் பெட்டியை அவர் பக்கம் தள்ளியபடி. "இந்த விரல் பக்கம் மட்டும் வேண்டாம்."